ஐயாதுரை அத்தானின் எதிர்ப்புச் சக்தி

ஐயாதுரை டாக்டருக்குப் படித்தவர் அல்ல. டாக்டர்களுக்குத் துணி விற்றவர். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று ராஜபாளையத்தில் அவருடைய சொந்தபந்தத்தில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. உறைத்திருந்தால் அவருடைய தம்பி மனைவி பிரிஸ்கில்லாவுக்கு இத்தனை பாடு இல்லை.

கொட்டகை நிறைய அவருக்குத் தறிகள் ஓடின. எல்லாம் பேண்டேஜ் துணி. நெய்து, வெளுத்து, சுருட்டிப் பெட்டியில் அடுக்கி, மதுரையிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பார். பெரிய டாக்டர் வருகிறவரைக்கும் வெளியே பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்தே மனுஷன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டார். மேற்படிப்பும் முடித்திருப்பார் போல. நெஞ்சுவலி, கர்ப்பப்பை, கண்புரை, நாய்க்கடி, எதைக் கேட்டாலும் கைவசம் பதில் உண்டு. தெரியாது என்கிற சொல் மட்டும் அந்தப் பெஞ்சில் அவருக்குக் கிடைக்கவில்லை.

குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்கு எந்த டாக்டர் எதை எழுதிக் கொடுத்தாலும், மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து முதலில் ஐயாதுரைக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். 'போடு' என்றோ 'போடாத' என்றோ பதில் வரும். அதற்குப் பிறகுதான் தண்ணீர் டம்ளரையே எடுப்பார்கள். ஃபீஸ் வாங்கின டாக்டர் சொன்னது யோசனை. ஃபீஸ் வாங்காத ஐயாதுரை சொன்னது உத்தரவு. அவருடைய தம்பி எட்வினைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நாளிலேயே பிரிஸ்கில்லா தன் தலைவலி மாத்திரையைப் போட்டோ எடுக்க மறுத்துவிட்டாள். அன்றைக்கே அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர் விழுந்தது. அவளும் அதை மாற்றப் பிரயத்தனப்படவில்லை.

கொரோனா வந்தது, ஐயாதுரைக்கு யோகம் அடித்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது பேண்டேஜ் துணியை மடித்து முகக்கவசம் தைத்துக் கொடுத்தார், கபசுரக் குடிநீர் காய்ச்சித் தெருவில் ஊற்றினார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதோடு விட்டிருக்கலாம். சுக்கு, மிளகு, கொள்ளு, முருங்கையிலை எல்லாவற்றையும் இடித்து டப்பாவில் அடைத்து, தன் போட்டோவையே லேபிளாக ஒட்டி, எதிர்ப்புச் சக்தி மாவு என்று விற்க ஆரம்பித்தார். அவருடைய மருத்துவம் முழுக்க ஒரே வரிதான். "சக்தி கூடுனவன் பொழைப்பான், கொறஞ்சவன் சாவான். அம்புட்டுத்தான் விஷயம்." இதைக் கேட்டுத் தலையாட்டப் படித்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் பிரிஸ்கில்லாவுக்குத் தாங்கவில்லை.

அவளுடைய மகன் ஆல்வினுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள், இடது விலாவுக்குக் கீழே வயிறு கல் மாதிரி. ஐயாதுரை இரண்டு விரலால் கழுத்தைத் தடவிப் பார்த்து, "பிரைமரி காம்ப்ளெக்ஸ்" என்று, சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற காசநோயின் பேரைத் தீர்ப்பாகச் சொன்னார். தனக்குப் பழக்கமான ஒரு கிளினிக்கில் சொல்லி அதற்கு மருந்தும் வாங்கிக் கொடுத்தார். மாதக்கணக்கில் சாப்பிட்டும் ஒரு கட்டி கரையவில்லை. அவர் அசரவில்லை, மாவை இரண்டு வேளையாக்கினார். பிறகு பையனின் முழங்காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்ற ஆரம்பித்தது. பல் தேய்த்தால் ரத்தம் நிற்கவில்லை. பிரிஸ்கில்லா தான் வேலை பார்க்கிற நூல்மில்லில் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் வாய் திறக்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

அங்கே டாக்டர் நூர்னிசா இருந்தார். பையனுக்கும், பிறகு தாய் தகப்பனையும் வரச் சொல்லி அவர்களுக்கும் ரத்தம் எடுத்து, எங்கெங்கோ அனுப்பி, முடிவு வர நாளானது. வந்த அன்று எட்வினையும் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"காய்ச்சல், சளின்னு ஏதாவது கிருமி வந்தா ரத்தத்துல இருக்கிற காவல் செல்கள் மளமளன்னு பெருகும். சண்டை முடிஞ்ச பிறகு அதுல பெரும்பாலானது சாகணும்மா. அதுக்குன்னு ஒரு சிக்னல் இருக்கு. செல்லோட மேல ஒரு புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும். பக்கத்துச் செல் வந்து அதைத் தொட்டா, உள்ளே ஒண்ணு இன்னொண்ணை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், கடைசில செல் தன்னைத்தானே துண்டு துண்டாக்கி முடிச்சுக்கும். வீக்கம் இருக்காது, சீழ் இருக்காது. ஆல்வினுக்கு அந்தப் புரதத்துல உள்பக்கம் இருக்கிற பாகம் பிசகு. வெளியே தொடுறாங்க, சேதி உள்ளே போகலை."

"அப்ப இவனுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி இல்லையா மேடம்?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

"கம்மியா? சாக வேண்டியது அத்தனையும் சாகாம கழுத்துலயும் மண்ணீரல்லயும் குவிஞ்சு கிடக்கு. வேலை முடிஞ்சும் போகாதது சும்மா இருக்குமா? சொந்த ரத்தத்தையே பகைக்குது. ரத்தம் உறையறதுக்குத் தட்டணு வேணும்ல, அதை அழிக்குது. அதான் தொட்ட இடமெல்லாம் கன்னுது."

மருந்துக்கும் விளக்கம் சொன்னார். சாகச் சொல்லும் சிக்னலைப் பழுது பார்க்க வழியில்லை. ஆனால் செல்லுக்கு இன்னொரு சிக்னலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது: இரு, வளர், பெருகு என்று. இந்த மாத்திரை அதைத்தான் அமுக்கும். போ என்றது காதில் விழாத செல்லுக்கு, இரு என்பதும் கேட்காமல் போனால் அது தானாக அடங்கும்.

"தினம் ஒரே நேரத்துல போடணும். நல்லா ஆயிட்டான்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நிறுத்தினா மறுபடி குவியும். தட்டணு ரொம்ப விழுந்துட்டா மூளையில ரத்தம் கசியுற ஆபத்து இருக்கு. பையன் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்மா."

எட்வின் தலையாட்டினான். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். அண்ணன் கொட்டகையில் தறி பார்த்து, அண்ணன் கொடுத்த மோட்டார் சைக்கிளில் போய், அண்ணன் சொன்ன கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். அந்தப் பிசகு அவன் ரத்தத்திலிருந்துதான் பையனுக்கு வந்திருக்கிறது என்று பரிசோதனை சொன்னது. அவனுக்கும் அதே குறை இருக்கிறது, ஆனால் அவனை ஒன்றும் செய்யவில்லை. சிலருக்கு அப்படி அமையும் என்றார் டாக்டர். நோய்கூட இந்த மனுஷனிடம் வந்து உருப்படியாக ஒரு காரியம் செய்யவில்லை என்று பிரிஸ்கில்லா நினைத்துக்கொண்டாள். அவள் அவனை வெறுக்கவில்லை. வெறுக்கிற அளவுக்கு அவனிடம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று சாயந்திரமே ஐயாதுரை வீட்டு ஹாலில் பஞ்சாயத்து கூடியது. எட்வின்தான் ஒப்பித்திருப்பான். சோபாவில் ஐயாதுரை, பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு சித்தப்பாக்கள். ஐயாதுரை மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த காகிதத்தை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வாசித்துக்கொண்டிருந்தார்.

"இது கிட்னி மாத்துனவனுக்குக் குடுக்குற மாத்திரைலா. எதிர்ப்புச் சக்தியைக் கொறைக்கதுன்னு தெளிவாப் போட்டிருக்கான். ஏலே எட்வின், நான் ஊருக்கே சக்தியைக் கூட்டுதேன், ஒம் பொண்டாட்டி பெத்த பிள்ளைக்குக் கொறைக்கப் போறா."

"அத்தான், அவனுக்கு அது கூடிப்போய்த்தான் வியாதியே" என்றாள் எதிரே நின்ற பிரிஸ்கில்லா.

"சக்தி கூடிப்போயி வியாதி! கேட்டீயளா சித்தப்பா?"

சித்தப்பாக்கள் கேட்டார்கள். சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் எது என்று அவர்களுக்கு நல்ல பழக்கம்.

"அதுபோக, நம்ம ரத்தத்துல குறைன்னு எழுதிக் குடுத்திருக்கா அந்தப் பொம்பள டாக்டர். எங்கப்பா தொண்ணூறு வயசு வரைக்கும் கல்லைத் தின்னு செரிச்ச மனுஷன். நம்ம ரத்தத்துலயாம், குறையாம்."

அதுதான் விஷயம் என்று பிரிஸ்கில்லாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. நோய் அவருக்குப் பொருட்டில்லை, விலாசம்தான் பொருட்டு. கட்டிகள் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்திருந்தால் இந்நேரம் மாத்திரைக்கு ஆள் அனுப்பியிருப்பார். டாக்டர் அவரையும் ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்று அவள் சொன்னதும், சோபாவில் தேள் இருந்த மாதிரி எழுந்து நின்றார்.

அவளுக்கும் மில் வேலை தெரியும். இவருக்குப் புரிகிற பாஷையில் ஒரு தடவை சொல்லித்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

"அத்தான், உங்க தறியில ஊடைநூல் அறுந்தா என்ன ஆகும்? ஒரு கம்பி எறங்கி தறியை நிப்பாட்டும்லா. அந்தக் கம்பி வேலை செய்யலைன்னா தறி பாட்டுக்கு ஓடும், துணி பாழாப் போகும். ஆல்வின் உடம்புல நிப்பாட்டுற கம்பிதான் பழுது."

ஐயாதுரை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நம்ம கொட்டகையில அந்தக் கம்பியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவச்சு வருசக்கணக்காச்சும்மா. நூல் அறுந்ததுக்கெல்லாம் தறி நின்னா எவன் ஆர்டர் முடிக்க? பேண்டேஜ் துணியில எது ஓட்டை, எது நெசவுன்னு எவனுக்குத் தெரியும்? தறின்னா ஓடணும்." சித்தப்பாக்கள் பக்கம் திரும்பி, "நிக்காம ஓடுததும் ஒரு கொறைன்னு சொல்லுதா பாருங்க" என்றார்.

எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் காயத்தின் மேல் அந்தத் துணி கிடக்கிறதோ என்று பிரிஸ்கில்லா நினைத்தாள். எழுந்து வந்துவிட்டாள். மறுநாளே மாத்திரையை ஆரம்பித்தாள். "ரெண்டையும் குடுப்போம், எது கேக்கோ கேக்கட்டும்" என்று எட்வின் முணுமுணுத்தான். மாவு டப்பாவை அவள் குப்பையில் கொட்டினாள். மறுநாள் புது டப்பா வந்தது. அதையும் கொட்டினாள்.

ஒரு சங்கடம் இருந்தது. மாத்திரை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியது. அவளுக்கோ முதல் ஷிப்ட். பையன் கண் விழிக்கும் முன்னே மில் வேன் வாசலில் ஹாரன் அடிக்கும். ஆகவே மாத்திரை போடுகிற வேலையை எட்வினிடம் விட்டாள். பயப்படத் தோன்றவில்லை. சொன்னதைச் செய்வதைத் தவிர இவனுக்கு வேறு என்ன தெரியும் என்று நினைத்தாள். அவனை அவள் நம்பினாள் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. பீரோவை நம்பி நகையை வைக்கிற மாதிரி வைத்தாள்.

மாத்திரை வேலை செய்தது. மழைக்காலம் முடிவதற்குள் கழுத்துக் கட்டிகள் வற்றின. வயிறு இளகியது. விழுந்தால் கன்றவில்லை. ஆல்வின் தெருவில் கிரிக்கெட் ஆடி, ஜன்னல் கண்ணாடி உடைத்து, வசவு வாங்கினான். அந்த வசவைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் நின்று பிரிஸ்கில்லா அழுதாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் நூர்னிசாவே கையைத் தட்டினார்.

ஐயாதுரையும் தட்டினார், ஆனால் தன் முதுகில். "மாவு கேட்டிருச்சு" என்றார். மாத்திரை ஆரம்பித்த பிறகு அவர் டப்பாவில் ஒரு கரண்டிகூடப் பையன் வயிற்றுக்குள் போகவில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளும் மனுஷன் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுடைய பூர்வீகச் சபையில் கமிட்டியில் இருந்தார். கோடை லீவில் அங்கே அசனப் பண்டிகை. சபை முழுக்க ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும். ஆராதனையில் சாட்சி சொல்லலாம், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் அறிக்கை செய்யலாம். ஆல்வின் குணமானதற்குப் பிரிஸ்கில்லா சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டால் நல்லது என்று எட்வின் மூலமாகச் சொல்லி அனுப்பினார்.

"சொல்லுதேன்னு சொல்லுங்க" என்றாள் அவள். மனசுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். இத்தனை வருஷம் இவர் சோபாவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார். இப்போது மைக்கை அவரே கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்.

அந்த நாளெல்லாம் மில் வேனில் போகும்போதும் வரும்போதும் அவள் அந்தப் பேச்சைத்தான் தீட்டிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்தச் சொல்லுக்கு ஐயாதுரையின் முகத்தைப் பார்ப்பது. ஆல்வினின் முழங்காலில் ஒரு நீலத்தைப் பார்த்தாள். கிரிக்கெட் பந்து பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள். கழுத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தாள். பேச்சின் கடைசி வரி இன்னும் சரியாக வரவில்லை.

பண்டிகை அன்று சபைக் கோவில் நிறைந்திருந்தது. ஐயாதுரை முதல் வரிசையில் வெள்ளை வேட்டியில், தானே பிள்ளையைப் பெற்றவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். போதகர் பெயர் சொல்லி அழைத்ததும் பிரிஸ்கில்லா எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என் பிள்ளை உடம்புல சாக வேண்டியது சாகாம இருந்துச்சு. அதனால என் பிள்ளை சாகக் கெடந்தான். இப்ப அது அடங்கிருச்சு, இவன் பொழைச்சான். அடக்குனது ஒரு மாத்திரை. அதைக் கண்டு சொன்னது மதுரையில ஒரு டாக்டர், பேரு நூர்னிசா. அவியளுக்காக ஜெபம் பண்ணுங்க. மாத்திரை ஆரம்பிச்ச பெறவு மாவு எதுவும் என் பிள்ளை சாப்பிடலை. அதுக்குப் பெறவு வீட்டுக்கு வந்த டப்பா அம்புட்டையும் நான்தான் குப்பையில கொட்டுனேன். சக்தி, சக்தின்னு சொல்லி யாராவது எதையாவது வித்தா, அவிய என்ன படிச்சிருக்காவன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குங்க."

யாரோ பின் வரிசையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். ஐயாதுரையின் முகம் வெளுக்கப் போட்ட துணி மாதிரி ஆனது. பிரிஸ்கில்லா நிதானமாக நடந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்தில் எட்வின் தலையைக் குனிந்து, பெருவிரலால் பாயைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு அவமானம் என்றால் தம்பிக்குத் தலை நிமிராதுதானே என்று இளக்காரமாக நினைத்தாள்.

பந்தியில் ஆல்வின் இரண்டாம் தடவை கறி கேட்டு இலையிலிருந்து நிமிர்ந்தான். மூக்கிலிருந்து ரத்தம் சோற்றில் சொட்டியது. துடைத்தான். இன்னும் வந்தது. சட்டை நனைந்தது.

"மல்லாக்கப் படுக்க வைங்கலே, தலையில தண்ணி ஊத்துங்க" என்று ஐயாதுரை அங்கேயும் வந்து நின்றார். பிரிஸ்கில்லா அவர் கையைத் தட்டிவிட்டு, பையனை முன்பக்கம் குனிய வைத்து மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மாத்திரை ஒழுங்கா போயிட்டிருக்காம்மா?" டாக்டர் நூர்னிசாவின் குரல்.

"தெனமும் போடுதான் மேடம், ஒரு நாள்கூட..."

"போடலை பிரிஸி" என்றான் எட்வின்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணன் சொன்னாவ. பிள்ளை நல்லாயிட்டான்லா, இனிமே எதுக்கு உள்ள இருக்கிற சக்தியைப் போட்டுக் கொல்லுததுன்னு சொன்னாவ. மாத்திரையை அவியட்டயே குடுத்துட்டேன்."

"குணமானவனுக்கு எதுக்கு மருந்து?" என்றார் ஐயாதுரை. "இப்பதான நீயே மைக்கைப் பிடிச்சு, பொழைச்சிட்டான்னு ஊருக்குச் சொன்ன?"

அவருக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. எட்வினைத்தான் விட முடியவில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ எங்கிட்ட என்னைக்காவது ஒண்ணு கேட்டிருக்கியா?" அவன் குரல் உயரவில்லை. குற்றம் சாட்டுகிற மாதிரியும் இல்லை. "அண்ணன் கேட்டாவ பிரிஸி. நிப்பாட்டுவமாலே, நீ என்ன சொல்லுதன்னு எங்கிட்டக் கேட்டாவ. இந்த விஷயத்துல எங்கிட்ட அபிப்பிராயம் கேட்ட ஒரே ஆளு அவியதான். சரின்னுட்டேன்."

இலைகளைத் தாண்டி ஆட்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். யாரோ கார் எடுக்கப் போயிருந்தார்கள். ஆல்வின் அவள் விரல்களுக்குள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, "அம்மா, நான் செத்துப்போயிருவனா?" என்று கேட்டான். இல்லடா என்றாள். போனில் டாக்டரின் குரல் இரண்டு தடவை அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"உடனே கிளம்பி வாங்க, நான் ஏற்பாடு பண்றேன். மாத்திரை எப்பலேருந்து நின்னுச்சு? அது எனக்குத் தெரியணும். சொல்லுங்க."

"தெரியலை மேடம்" என்றாள் பிரிஸ்கில்லா.

அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு நாக்குக் கூசியது. எட்வின் எதிரே கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"எப்பயிருந்துங்க?" என்று அவனைக் கேட்டாள்.